ஆறிப்போன சூப்

"உன் சம்பந்தி வந்திருக்கார்."

சமையலறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு கணவர் சொன்னதும், அவள் கையிலிருந்த கத்தி வெங்காயத்தில் பாதியோடு நின்றது.

"என் சம்பந்தியா? அப்ப உங்களுக்கு அவர் யாராம்?"

"ஒழுங்கா சாப்பிட்டுட்டுப் போனா எனக்கும் சம்பந்திதான்."

மலைச்சரிவில் இருந்த அந்தச் சின்ன நகரத்தில், மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, முன்பதிவு இருந்தால்தான் இடம் என்று சொல்லும் உணவகங்கள் இரண்டே இரண்டு. சாலையின் மேல் வளைவில் இருப்பது சம்பந்தியுடையது. கீழ் வளைவில் இருப்பது இவளுடையது. சமையல் இவள் பொறுப்பு. ஹால் கணவர் பொறுப்பு.

இவள் மகளும் அவர் மகனும் யாரையும் கேட்காமல் காதலித்துத் தொலைத்ததில் இரண்டு கடைகளும் உறவாகிவிட்டன. உறவானார்களே தவிர, இந்த மூன்று வருஷத்தில் ஒருவர் கடையில் மற்றவர் கை நனைத்ததில்லை.

"இன்னிக்குன்னு பாத்தா வரணும்?" என்று பல்லைக் கடித்தாள்.

காரணம் இருந்தது. அன்று மதியம் இன்னொருவரும் வந்திருந்தார். ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டு, நல்ல உணவகங்களுக்கு வருஷா வருஷம் புத்தகம் போடுகிறவர். போன வருஷம் சம்பந்தியின் கடையை அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டவரும் அவர்தான். இன்று இங்கே, நாளைக்கு மறுபடியும் அங்கே.

"எந்த மேசை குடுத்தீங்க?"

"ஜன்னலோரம் ரெண்டுதான் காலியா இருந்துச்சு. பக்கத்துப் பக்கத்துல."

"அறிவிருக்கா உங்களுக்கு?"

"இருந்தா உன்னோட சேந்து கடை போட்டிருப்பேனா?"

சம்பந்தி கேட்ட காளான் சூப் முதலில் போனது. புத்தகக்காரருக்கும் அதேதான். அவருடைய கிண்ணத்தை உதவிச் சமையல்காரி ட்ரேயில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போதே ஹாலிலிருந்து சத்தம் வந்தது.

"என்னங்க இது? சூப்பு பச்சைத் தண்ணி மாதிரி ஜில்லுன்னு இருக்கு! ஆறிப்போனதைக் கொண்டாந்து வெக்கிறதெல்லாம் ஒரு கடையா?"

ஹாலே திரும்பிப் பார்த்தது. கிண்ணத்திலிருந்து எழுந்த ஆவியில் சம்பந்தியின் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகியிருந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பக்கத்து மேசைக்காரரும் சிரித்துக்கொண்டே சின்ன நோட்டு ஒன்றை எடுத்து ஏதோ எழுதினார்.

கணவர் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். "ஆறிப்போச்சாம்."

அவளுக்கு வந்ததே கோபம்!

"இருபத்திரண்டு வருஷம்! இந்த அடுப்படியிலிருந்து போன ஒரு கிண்ணம் திரும்பி வந்ததுண்டா? தன் கடை பேர் போச்சுன்னு என் பேரையும் கெடுக்க வந்திருக்கார். வயித்தெரிச்சல்! கொண்டாங்க இப்படி, ஆறிப்போச்சான்னு நானே பாக்கறேன்."

ஒரு கரண்டி எடுத்து வாயில் ஊற்றினாள். நாக்கு சுட்டது.

"கொதிக்குது! இந்த மனுஷன் கண்ணைத் திறந்துக்கிட்டே..."

பாதியில் நிறுத்தினாள். பானையிலிருந்து இன்னொரு கரண்டி எடுத்துக் குடித்தாள். முகம் வெளுத்தது.

"உப்பு" என்றாள்.

அந்தச் சமையலறையில் ஒரு பழக்கம். உப்புப் போட்டவர் அதற்கு அடையாளமாகப் பானையின் வாய்மேல் கரண்டியைக் குறுக்கே வைத்துவிட வேண்டும். அன்றைக்கு அவள் உப்புப் போட்டாள், ருசியும் பார்த்தாள். அதோடு புத்தகக்காரரைக் கதவிடுக்கில் எட்டிப் பார்க்க ஓடிவிட்டாள். கரண்டி இல்லாததைப் பார்த்த உதவிச் சமையல்காரி, அம்மா இன்னும் போடவில்லை என்று நினைத்து இன்னொரு கை போட்டிருக்கிறாள். அவள்மேல் என்ன தப்பு?

ட்ரே கதவருகே போய்விட்டது. பாய்ந்து பிடுங்கினாள். நல்லவேளை, உப்பில்லாத காளான் சாறு பக்கத்து அடுப்பில் இருந்தது. ஆறே நிமிஷத்தில் புது சூப் இரண்டு மேசைக்கும் போனது.

சாப்பிட்டு முடித்த புத்தகக்காரர் சமையலறை வாசலுக்கே வந்தார்.

"அம்மா, அந்த சூப்புக்காகவே உங்க கடையைப் புத்தகத்துல போடப் போறேன். இப்படி ஒரு பக்குவத்தை நான் வேற எங்கயும் பாக்கல."

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. கணவர் தானே சமைத்ததுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"பாவம், மேல் கடைக்காரர்" என்று குரலைத் தாழ்த்தினார் புத்தகக்காரர். "சூடு எது, ஆறினது எதுன்னுகூட நாக்குக்குத் தெரியல. குறிச்சு வெச்சிருக்கேன். நாளைக்கு அவர் சமையலை வேற சாப்பிடணும்!"

சிரித்தபடி போய்விட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நேரே ஜன்னலோர மேசைக்குப் போனாள்.

"சம்பந்தி, உங்க நாக்கு மரத்துப்போச்சுன்னு அந்த ஆள் எழுதி வெச்சிருக்கார்."

"எழுதட்டும். நாளைக்கு என் கடையில ஒரு வாய் சாப்பிட்டாருன்னா, எழுதினதை அவரே அடிச்சுடுவார்."

"அது சரி. கொதிக்கிற சூப்பைப் போய் ஆறிப்போச்சுன்னு ஏன் சொன்னீங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நமக்குள்ள ஆயிரம் இருக்கும், சம்பந்தியம்மா. அதுக்காக வெளியாள் முன்னாடி நம்ம ஊர் அடுப்பை விட்டுக்கொடுக்க முடியுமா? உப்புன்னு சொன்னா அவர் காதுல விழுந்திருக்கும். ஆறிப்போச்சுன்னா, ரோஷத்துல நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாப்பீங்க."