பிள்ளை பிறந்த வீடுகள்

"அந்த ஆளு இன்னிக்கும் வந்துகீறான் சார்" என்றான் பியூன் கபாலி.

சங்கரன் நிமிர்ந்து பார்த்தான். கார்ப்பரேஷனின் மயிலாப்பூர் டிவிஷன் ஆபீசுக்குக் குமாஸ்தாவாக மாற்றலாகி வந்து பதினைந்து நாள்தான் ஆகிறது. அதற்குள் இந்த மனிதரைப் பார்ப்பது மூன்றாவது தடவை. தலையில் குல்லாய், கட்டம் போட்ட லுங்கி, காதில் செருகிய பென்சில். லஸ்ஸில் தையல் கடை வைத்திருக்கும் அன்வர் பாஷா.

"பிறப்பு ரிஜிஸ்தரைக் கொஞ்சம் பார்க்கணும் சார்."

"உம்ம வீட்டில் குழந்தை பிறந்திருக்கா?"

"இல்லீங்க சார்."

"போன வாரமும் இல்லை, அதுக்கு முந்தின வாரமும் இல்லை. ஊரார் குழந்தைகள் பேரும் விலாசமும் உமக்கு எதுக்கு?"

"ஒரு காரியமா வேணும் சார்."

"அதுதான் என்ன காரியம்?"

அன்வர் பாஷா தரையைப் பார்த்தார்.

"காரணம் சொல்லாமல் புத்தகத்தைத் தொட முடியாது. வேணும்னா எழுத்தில் மனு கொடும்!"

அதோடு தொலைந்தார் என்று சங்கரன் நினைத்தான். மறுநாள் சாயங்காலம், ஆபீஸ் மூட அரை மணி இருக்கும்போது, மனுவோடு வந்து நின்றார். யாரிடமோ எழுதி வாங்கியது. முத்து முத்தான கையெழுத்து. 'பொதுஜனங்கள் பார்வையிடும் பாத்தியதை உண்டு' என்ற இடத்தில் அடிக்கோடு வேறு.

சங்கரன் வாயை மூடிக்கொண்டு ரிஜிஸ்தரை அவர் பக்கம் நகர்த்தினான்.

யுத்தம் முடிந்தும் காகிதப் பஞ்சம் தீராத சமயம். குண்டு விழுந்தால் என்ன செய்யவேண்டும் என்று அச்சடித்த பழைய நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் எட்டு விலாசங்களை எழுதிக்கொண்டார். ஒரு சலாம் வைத்துவிட்டு வெளியேறினார்.

"ஜோசியக்காரனுக்கு ஆள் பிடிக்கிறான் சார்" என்றான் கபாலி.

"பாய் எங்கேயாவது ஜாதகத்துக்கு ஆள் பிடிப்பாரா?"

"அப்ப, கொய்ந்தைங்களுக்குச் சட்டை தெச்சு விக்கிறதுக்கு இருக்கும்."

"அதை வாயைத் திறந்து சொன்னால் என்ன?"

"அதான் சார் எனக்கும் பிரியலே."

சங்கரனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அலமாரியைப் பூட்டச் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கச்சேரி ரோட்டில் குல்லாய் தெரிந்தது. இருபதடி விட்டுப் பின்னாலேயே நடந்தான்.

ஒரு சந்துக்குள் முதல் வீடு. அன்வர் பாஷா கதவைத் தட்டினார். ஏதோ சொன்னார். "போய்யா! கேக்கவே நல்லால்லே. வெளக்கு வெக்கிற நேரத்திலே வந்துட்டான்!" என்று ஒரு பெண்குரல் சீறியது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

இரண்டாவது வீட்டில் ஓர் இளம் பெண் எட்டிப் பார்த்தாள். சங்கரன் ஒரு ஜட்கா வண்டியின் மறைவில் நின்றுகொண்டு காதைத் தீட்டினான்.

"வீட்ல பெரியவங்க யாரும் இல்லியா? பரவாயில்லேம்மா. குழந்தையைக் கொஞ்சம் தூக்கிட்டு வாங்க. நான் பார்க்கணும்."

சங்கரனுக்குத் திக்கென்றது. நாலே எட்டில் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தான்.

"பிள்ளை பிடிக்கிற ஆளா நீர்? போலீசைக் கூப்பிடட்டுமா?"

அந்தப் பெண் மிரண்டு உள்ளே போய்விட்டாள். அன்வர் பாஷா கையை உதறவில்லை.

"தோளைப் பார்க்கத்தான் கேட்டேன் சார். அம்மை குத்தின தழும்பு இருக்கான்னு."

"அதுக்குத்தான் கார்ப்பரேஷனில் ஆள் இருக்கே?"

"இருக்காரு. அவர் தெருமுனையிலே திரும்பறப்பவே குழந்தையை ஒளிச்சு வெச்சுடறாங்க. கேட்டா ஊருக்குப் போயிருக்குன்றாங்க." அவர் குரல் இறங்கியது. "நானும் அப்படித்தான் சார் என் பொண்ணை ஒளிச்சேன். தைக்க வந்த துணி மூட்டைக்கு நடுவிலே. ரெண்டு வயசு. விளையாட்டுன்னு நெனச்சு சிரிச்சுக்கினே இருந்தா. போன வெயில் காலத்திலே பெரியம்மை வந்து, ஒன்பதாம் நாள் போயிட்டா."

சங்கரனின் பிடி தானாகவே தளர்ந்தது.

"இதை... இதை ஆபீசிலேயே சொல்லியிருக்கலாமே?"

"எந்த வாயாலே சார் சொல்றது? அந்தந்த வீட்டு அம்மாக்கிட்டே மட்டும் சொல்றேன். சில பேர் திட்டறாங்க. சில பேர் அழுதுடறாங்க. இதுவரைக்கும் இருபத்திமூணு குழந்தைக்குக் குத்தியாச்சு."

சங்கரன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகூப்பினான்.

"என்னை மன்னிச்சுக்கணும், பாய். இனிமே மனுவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். விலாசமெல்லாம் நானே எழுதித் தரேன்."

அன்வர் பாஷாவின் முகம் மலர்ந்தது.

"அப்படின்னா இன்னொரு உபகாரம் பண்ணுங்க சார். ஒரு வீட்டிலே மட்டும் நாலு தபா போயும் கதவே தெறக்கலே. அம்மை குத்த யார் வந்தாலும் தெறக்கக் கூடாதுன்னு வீட்டு ஐயா கண்டிச்சுச் சொல்லியிருக்காராம். உள்ளே இருந்தே அந்த அம்மா அழுவுறாப்பலே சொல்றாங்க. எட்டு மாசக் குழந்தை. தகப்பனாரும் உங்களாட்டம் கார்ப்பரேஷன் குமாஸ்தாதான். நீங்க எடுத்துச் சொன்னா கேப்பாரு."

பழைய குமாஸ்தா இருந்தபோது எழுதிக்கொண்டு போன வேறொரு காகிதத்தை மடியிலிருந்து எடுத்து நீட்டினார்.

சங்கரன் வாங்கிப் பார்த்தான். அதில் இருந்தது அவன் வீட்டு விலாசம்.