பாப்பம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. சின்னக் கதைதான். உலை கொதிப்பதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

அவள் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில், கொஞ்சம் பின்தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

மொழிபெயர்க்க வந்தவளுக்கு இடம் அதுதான். முகம் படத்தில் விழக் கூடாது.

வலப்பக்கம் அவளுடைய நாட்டின் தலைவர். இடப்பக்கம் தீவின் தலைவர் செபமாலையர். ஒருவர் பேச்சு மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான். எதிரே கயிறு கட்டி, அதற்கு அந்தப் பக்கம் தலைவருடன் வந்த பத்திரிகைக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் கடல்.

அவளுடைய நாடு வளர்ந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டில் மாடி எழுந்தால் நம் வீட்டிலும் எழ வேண்டும் என்று தோன்றுகிற பருவம் அதற்கு. பெரிய நாடுகள் ஒவ்வொன்றுக்கும் பிறத்தியார் கரையில் ஒரு துறைமுகம் இருந்தது.

இதற்கு இல்லை.

தலைவர் நயமாகத்தான் கேட்டார். அவள் தமிழில் சொன்னாள்.

உங்கள் துறைமுகத்தை எங்கள் போர்க்கப்பல்களுக்குத் தருவீர்களா?

செபமாலையர் கடலைப் பார்த்தார். மீன்படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஆடின. தீவில் ஆழமான கரை அது ஒன்றுதான். போர்க்கப்பல் வந்து நின்றால் படகுகள் ஒதுங்க வேறு இடம் கிடையாது.

வேட்டி மடிப்பை நீவிவிட்டார். சிரித்தார்.

“பாப்பம், பிள்ளை.”

அவ்வளவுதான்.

அவளும் தமிழ் வீட்டில் பிறந்தவள். சின்ன வயதில் சைக்கிள் கேட்டாள். பார்ப்போம் என்றார் அப்பா. சைக்கிள் வரவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பார்ப்போம் என்று சொல்லி எழுந்தார்கள். அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் அம்மா மிச்சக் கேசரியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

வந்தவர் முகம் வாடாதபடி ‘முடியாது’ என்று சொல்ல, அதைவிட நல்ல சொல் தமிழில் இல்லை.

தலைவரின் மொழியில் அந்தச் சொல்லுக்கு வேறு முகம். அங்கே பார்ப்போம் என்றால் செய்வோம் என்று அர்த்தம்.

எதற்கும் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

“எப்ப பார்க்கலாம்னு சொல்லட்டும் ஐயா?”

“என்ன பிள்ளை, சம்பந்தி வீட்டார் மாதிரி நாள் கேக்கிறீர்? ஆறுதலாப் பாப்பம்.”

அவருடைய செயலாளர் தலையைக் குனிந்து சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

இனிச் சந்தேகமில்லை.

அவள் தலைவரின் காதருகே சாய்ந்தாள். அவர் மறுக்கிறார் ஐயா, மரியாதைக்காகப் பார்ப்போம் என்கிறார் என்றாள்.

தலைவர் சிரிப்பைக் கலைக்கவில்லை. கேமராக்களைப் பார்த்தபடியே சொன்னார்.

“தெரியும்.”

கொஞ்சம் பொறுத்து இன்னும் சொன்னார்.

“அவர் வாயிலிருந்து என்ன சொல் வந்ததோ, அதை மட்டும் மைக்கில் சொல்லுங்கள் அம்மா.”

மைக் அவள் பக்கம் நகர்ந்தது.

பொய் சொல்லச் சொல்லவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல். அகராதியை எடுத்துப் பார்க்கிறவர் யாரும் அவளைக் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

மறுத்துவிட்டார் என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால், சேதி காதுக்கு எட்டியதும் நான் எங்கே அப்படிச் சொன்னேன் என்று பதறி எழுந்திருக்கப் போகிறவர் செபமாலையர்தான்.

மைக் இரைந்தது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

சொன்னாள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் கைதட்டல் எழுந்தது. ஒருவர் அப்போதே போனில், துறைமுகம் கிடைத்தது என்று தலைப்புச் செய்தி சொல்லத் தொடங்கிவிட்டார். தலைவர் கையை நீட்டினார். நீட்டிய கையைத் தட்டிவிடுகிற வழக்கம் தீவில் இல்லை. செபமாலையர் எழுந்து, இரண்டு கைகளாலும் அதைப் பற்றிக்கொண்டார்.

விளக்குகள் மின்னின.

கூட்டம் கலைந்தபின் அவர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு தட்டு. அதில் எண்ணெய் மினுங்கும் தொதல், அல்வா மாதிரி இனிப்புத் துண்டுகள்.

“எடும் பிள்ளை, வீட்டில கிண்டினது. எனக்கு நெஞ்சு இடிச்சுக்கொண்டுதான் இருந்தது. இல்லையெண்டு சொன்னா மனிசன் கோவிப்பாரோ எண்டு. நீர் நல்ல பக்குவமாச் சொல்லிப்போட்டீர். எவ்வளவு சந்தோசமாப் போறார், பாரும்.”

அவள் ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள்.

வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

நேரமாகிறது, எழுந்திருங்கள். பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருங்கள். உங்கள் வீட்டு வாசற்படி என்றைக்கும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.