நான்காவது எட்மண்ட்

வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்தில் எட்மண்ட் ஹார்வுட் என்ற பெயரில் மூன்று பேர் கிடக்கிறார்கள். ஒருவர் நீதிபதி, ஒருவர் ஆற்றுப்பாலம் கட்டியவர், இன்னொருவர் காலராவில் மாண்ட ராணுவ மருத்துவர். கல்லறைத் திருநாள்தோறும் தலை நரைத்த டோரத்தி வந்து மூன்றிலும் மெழுகுவத்தி ஏற்றுவார். இந்த வருடம் காவலாளி சூசையப்பன் கேட்டே விட்டார்.

"மூணு பேர்ல உங்க சொந்தம் யாரும்மா? சொன்னா புல்லு செதுக்கி, வெள்ளையடிச்சு வைப்பேன்."

"யாருமில்லப்பா. எங்கப்பாவுக்கும் இதே பேரு. எனக்கு நாலு வயசுல கப்பலேறிப் போனவரு. எங்க புதைச்சாங்கன்னே தெரியாது."

"அப்புறம் எதுக்கு இங்க ஏத்துறீங்க?"

"அவரு கிடக்குற இடத்துக்கும் இந்தப் பேரைத் தேடிக்கிட்டு யாராச்சும் ஒருத்தி வருவாள்ல?"

காற்று எழுந்தது. சூசையப்பன் தொப்பியைக் கழற்றி, மருத்துவரின் சுடருக்கு மறைப்பாகப் பிடித்தார்.