இறங்காத கோடு

"அப்பா, பொய் சொல்லாதீங்க. என்ன சாப்பிட்டீங்க?"

"காலையிலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல தாயி." போனில் ரங்கசாமியின் குரல் குழறியது. ஹரிணி நம்பவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் அப்பா உண்மை பேசி அவள் கேட்டதே கிடையாது.

அவளுடைய கைப்பேசித் திரையில் 'அப்பா' என்ற பெயருக்குக் கீழே சர்க்கரை முந்நூற்று இருபது என்று காட்டியது. பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி வேறு.

திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையில் ஹரிணி இன்ஜினியர். கூடத்துக் காற்றின் ஈரத்தை சென்சார் அளக்கும். ஈரம் குறைந்தால் நீர்த்தூவி தானே ஓடும், போதுமென்றால் தானே நிற்கும். அதைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அதே ஏற்பாட்டைத்தான் டாக்டர் சம்மதத்தோடு அப்பாவுக்கும் செய்து வைத்திருந்தாள். மேல்கையில் ஒட்டிய சின்ன வில்லை சர்க்கரையை அளந்துகொண்டே இருக்கும். இடுப்பில் மாட்டிய பெட்டி அந்த அளவுக்குத் தக்கபடி இன்சுலினைச் செலுத்தும்.

ரங்கசாமிக்கு அந்த வில்லை ஜென்மப் பகை. ஒரு ஜிலேபியைத் தின்று கை கழுவுவதற்குள் மகளிடமிருந்து போன் வந்துவிடும். 'கோள்மூட்டி' என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்.

திரையில் இரண்டு கோடுகள் ஓடின. உள்ளே போன மருந்துக்குச் சர்க்கரை எங்கே இருக்க வேண்டும் என்று அவள் எழுதிய புரோகிராம் கணக்குப் போட்டு வரைவது ஒரு கோடு. வில்லை அளந்து அனுப்புவது இன்னொரு கோடு. இத்தனை நாளும் இரண்டும் ஒட்டிப் பிறந்ததுபோல் ஓடியவை. இன்று கணக்குக் கோடு தரையைத் தொட்டுவிட்டது, வில்லையின் கோடோ ஏறிக்கொண்டே இருந்தது.

பெட்டி மருந்து கொடுத்துவிட்டேன் என்கிறது, சர்க்கரை இறங்கவில்லை. அப்படியானால் குழாய் அடைத்திருக்கிறது, மருந்து உடம்புக்குள் போகவே இல்லை. ஹரிணி மேனேஜரிடம் சொல்லக்கூட நிற்காமல் ஸ்கூட்டியை எடுத்தாள். சின்னாளபட்டி தாண்டும்போது முந்நூற்று நாற்பது. ஆத்தூரில் வீட்டு வாசலில் இறங்கும்போது முந்நூற்று எழுபது.

ரங்கசாமி துண்டைத் தோளோடு போர்த்திக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்தார். நெற்றியெல்லாம் வேர்வை, விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. தலைமாட்டில் இஸ்திரி போட்ட சட்டை தயாராக இருந்தது. சாயங்காலம் வத்தலக்குண்டில் அவர் தங்கை பேரனுக்குக் காதுகுத்து, கறிவிருந்து.

அம்மா ஜோதிமணி சொம்பும் கையுமாக நின்றாள். களையெடுக்கப் போகும்போது சேலைக்கு மேல் மாட்டும் முழுக்கைச் சட்டையை வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. புருஷனைப் பார்ப்பதும், தண்ணீரைக் குடிப்பதும், மறுபடி குடத்தில் மொண்டு வருவதுமாக இருந்தாள்.

விரலில் குத்திப் பார்க்கும் கருவியைத் தேடினால், அதற்குரிய பட்டை தீர்ந்து மாசக்கணக்காகிறது. வில்லை வந்த பிறகு அதை யார் சீண்டினார்கள்? ஆஸ்பத்திரிக்குக் கார் சொல்லியாகிவிட்டது. அது வருவதற்குள் ஓர் ஊசியாவது போட்டாக வேண்டும்.

ஹரிணி ஃபிரிட்ஜிலிருந்து இன்சுலினை எடுத்துச் சிரிஞ்சில் ஏற்றினாள். ஊரையே அதட்டுகிற அப்பா வாய் திறக்க முடியாமல் கிடந்தார். ஹரிணி அவருடைய சட்டையை விலக்கி ஊசியை வயிற்றருகே கொண்டுபோனாள்.

ஜோதிமணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போடாத ஆத்தா."

"விடும்மா. முந்நூத்தி எம்பது ஆயிருச்சு. இப்பப் போடலன்னா அப்பா நமக்கு இல்ல."

ஜோதிமணி சொம்பைக் கீழே வைத்துவிட்டு, இடது கைச் சட்டையை மேலே சுருட்டினாள். முழங்கைக்கு மேலே, காசளவுக்கு வெள்ளையாக, அந்த வில்லை ஒட்டியிருந்தது.

விருந்து முடிகிறவரைக்கும் கோள்மூட்டி உன் கையில் இருக்கட்டும் என்று, புது வில்லை மாற்றும்போது காலையில் அவர்தான் ஒட்டச் சொன்னாராம். அது மகளுக்குத் துப்புக் கொடுக்கிற சாமான், அவ்வளவுதான் என்று இரண்டு பேரும் நினைத்திருக்கிறார்கள். பெட்டியும் அதைக் கேட்டுத்தான் மருந்து கொடுக்கிறது என்று அவர்களுக்கு உறைக்கவே இல்லை. கறிவிருந்துக்காக வயிற்றைக் காயப்போட்ட மனிதருக்கு அந்தப் பெட்டி காலையிலிருந்து மருந்தை இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது, அவருடைய சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விட்டது. சாப்பிடவில்லை என்று அவர் சொன்னது இந்த ஒரு தடவை நிஜம்.

ஹரிணி சிரிஞ்சை வீசி எறிந்தாள். பெட்டியின் குழாயைப் பிடுங்கினாள். அடுக்களைக்கு ஓடிச் சீனியைக் கரைத்து வந்து, அப்பாவின் தலையைத் தாங்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். இன்னும் ஒரு நிமிடம் அம்மா தாமதித்திருந்தால் தன் கையாலேயே அவரைக் கொன்றிருப்பாள்.

மெல்ல மெல்ல நடுக்கம் நின்றது. ரங்கசாமி கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். இன்னொரு டம்ளர் சீனித்தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். அழுதுகொண்டிருந்த ஹரிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பித்தோம் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கட்டிலில் கிடந்த கைப்பேசி மறுபடி அலறியது. 'அப்பா' என்ற பெயருக்குக் கீழே நானூறு.

ஜோதிமணி அதை எட்டிப் பார்த்தாள். வாய்க்குக் கொண்டுபோன தண்ணீர்ச் சொம்பு பாதியில் நின்றது.

"ஏத்தா, அப்ப இந்த நானூறு எனக்கா?"