சங்கிலிப் பூட்டு

தலைப்பிரசவத்துக்குத் தங்கை பேச்சியம்மாளைக் கோத்தா திங்கியிலுள்ள அம்மா வீட்டுக்கு அழைத்துப் போக, துரை கழித்துவிட்ட பக்கப்பெட்டி மோட்டார் சைக்கிளில் யோங் பெங் ரப்பர் தோட்டத்துக்கு வந்திருந்தான் கணக்கெழுதும் கிராணி அர்ச்சுனன்.

தங்கையின் கணவன் சபாபதி வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தான்.

“பல்சக்கரம் தேஞ்சு கெடக்கு மச்சான். இதுலயா புள்ளத்தாச்சிய ஏத்துவீங்க?”

அவனே டவுனுக்குப் போய்ப் புதுச் சங்கிலியும் பல்சக்கரங்களும் வாங்கி வந்து, வாசலிலேயே மாட்டினான். எல்லாம் ஏறிவிட்டது. சங்கிலியின் இரண்டு முனைகளையும் சேர்க்கிற சின்னப் பூட்டைத்தான் காணோம். பேச்சியம்மாள்கூட முறத்தில் வாசல் மண்ணை அள்ளிப் புடைத்துப் பார்த்தாள்.

பொழுது சாய்ந்தது. அர்ச்சுனனுக்குப் பொறுமை போயிற்று.

“உண்மையச் சொல்லுங்க மாப்பிள்ளை. இவள அனுப்ப மனசில்லாம நீங்கதான ஒளிச்சு வச்சீங்க?”

சபாபதி மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஆமா மச்சான், நான்தான். நாளைக்குக் காலையில தந்துடுறேன்.”

“நல்ல ஆளுலா நீங்க. என் தங்கச்சியப் பாருங்க, அம்மா வீட்டுக்குப் போக எப்படித் தவிக்கிறா.”

பேச்சியம்மாள் கோப்பியை நீட்டினாள். வாங்கும்போதுதான் அர்ச்சுனன் அவளுடைய முந்தானையைப் பார்த்தான். அதன் ஓரத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு. முடிச்சைச் சுற்றிக் கருப்பாய் எண்ணெய்க் கறை.

அவன் கோப்பியை நிதானமாகக் குடித்து முடித்தான்.

“அவசரமில்ல மாப்பிள்ளை, பூட்டு நாளைக்குக் கெடைச்சாப் போதும்,” என்றான். “பேச்சி, நீ சேலைய மாத்திட்டு அத ஊறப் போடு. எண்ணெய்க் கறை லேசுல போகாது.”