மூலை உடைந்த படிகம்

மே 14, செவ்வாய், டுனேடின்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மாலை வகுப்புக்காக மூன்று வாரம் வளர்த்த ஆறு கோபால்ட் படிகங்களையும், அளப்பதற்கு முன்பே கல்வத்தில் அரைத்துவிட்டேன். அரைத்தால் மூலக்கூறுகளின் அடுக்கு குலையும். அடுக்கு குலைந்தால் காந்தத்தன்மையும் மாறிவிடும். என்னிடம் வேறு படிகம் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் அளவு தராவிட்டால் தேர்ச்சியும் இல்லை.

ஆய்வக உதவியாளர் ஹெமி எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா ரோவெனா, காபிக்கொட்டைன்னு நெனச்சிட்டியா?"

"சிரிக்காதீங்க ஹெமி. ஆறும் போச்சு."

"போச்சா? அப்போ இது யாரோடது?"

என் பெயர் எழுதிய குப்பியை நீட்டினார். அதை நான்தான் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். இப்போது உள்ளே கரைசலும் ஆறு படிகங்களும் இருந்தன. ஒன்றின் மூலை உடைந்திருந்தது. திங்களன்று என் இடுக்கி பட்டு உடைந்த அதே மூலை.

நான் தவறாக எண்ணியிருக்கலாம் என்று குறிப்பேட்டைப் பார்த்தேன். வளர்ந்தவை ஆறு, அரைத்தவை ஆறு. கல்வத்துப் பொடியை நிறுத்தேன். ஆறு படிகங்களின் எடை சரியாக இருந்தது.

"அதிர்ஷ்டக்காரி," என்று சொல்லிவிட்டு ஹெமி விளக்கை அணைத்தார்.

நாளை மாலை ஆறு மணிக்குக் குப்பியில் உள்ளவற்றை அரைக்காமல் அளக்க வேண்டும். அதற்கு முன், எத்தனை இருக்கின்றன என்று மறுபடி எண்ண வேண்டும்.