நாற்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை

வண்டி மறுபடியும் திணறி நின்றது.

ஓரங்கட்டி இறங்கினான். டீசல் டேங்கின் மூடியைத் திருகினான். உஸ்ஸென்று வெளிக்காற்றை இழுத்துக்கொண்டது டேங்க்.

இனி நாற்பது கிலோமீட்டர் ஓடும்.

காலையில் ஓசூர் தாண்டியதிலிருந்து இதே கூத்துதான். டீசல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வேண்டும். அது போகிற வழி ஒரு சின்னக் குழாய். அதன் வாயை ஒரு குளவி மண் வைத்துப் பூசியிருந்தது.

பன்னிரண்டு சக்கர லாரி. அதை மடக்கிப் போட விரல்நுனி மண் போதுமாயிருந்தது.

லோடு கிடைக்காமல் ஒன்றரை மாதம் நாமக்கல்லில் வீட்டு வாசலிலேயே நின்ற வண்டி. அப்போது கட்டியிருக்க வேண்டும்.

முதல் தடவை நின்றபோது இன்னொரு லாரிக்காரர் இறங்கி வந்து பார்த்தார். சிரித்தார். ஒரு கம்பியைக் கொடுத்து, ஒரே குத்து, வேலை முடிந்தது என்றார்.

அவர் போகும்வரை கம்பியைக் கையில் வைத்திருந்தான். பிறகு சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டான்.

குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும். அவன் மனைவி வளர்மதி அப்படித்தான் நம்பினாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷம். கண்ணாடிக்குப் பின்னால், சுவிட்ச் போர்டுக்கு மேல், சாமி படத்தின் மூலையில் என்று கூடுகள்தான் பெருகின. ஒன்றின் மேலும் துடைப்பம் படவிட மாட்டாள்.

போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அவன்தான் எல்லாவற்றையும் ஸ்க்ரூடிரைவரால் பெயர்த்துப் போட்டான். இந்த மண்ணைக் கட்டிக்கொண்டு இன்னும் எத்தனை நாள் ஏமாறுவாய் என்று கத்தினான்.

அவள் உதிர்ந்ததை முறத்தில் அள்ளிக்கொண்டு போனாள்.

அவளுக்கு இருந்த ஆசை அவனுக்கும் இருந்தது. ஒரு பங்கு கூடவே இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல்தான் கத்தினான்.

மூடியைத் தளர்த்திவிட்டும் ஓட்டிப் பார்த்தான். முதல் வேகத்தடையிலேயே டீசல் தளும்பி வழிந்தது. இறுக்கி மூடினான்.

நாக்பூரில் ஜவ்வரிசி மூட்டைகளுக்குக் காத்திருப்பவர் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். வழியில் ஒரு வேலை என்றான்.

ஐந்தாவது தடவை. ஆறாவது தடவை.

அனந்தபூர் தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கடைசியாக நிறுத்தி எண்பது கிலோமீட்டர் ஆகியிருந்தது. வண்டி திணறவே இல்லை.

பதறிப்போய் ஓரங்கட்டினான். மூடியைத் திருகினான்.

சத்தமே இல்லை.

குனிந்து குழாயைப் பார்த்தான். மண்ணின் நடுவில் பட்டாணி அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளேயிருந்து கடித்துத் திறந்த ஓட்டை.

நிமிர்ந்தான். வந்த வழி முழுக்க வெயில்.

வீட்டுக்குக் கூப்பிட்டான். கூட்டைச் சொன்னான். கம்பியைச் சொன்னான். நின்று நின்று வந்ததைச் சொன்னான்.

"நம்ம வண்டியில ஒண்ணு பொறந்து பறந்துருச்சு புள்ள."



"எந்த ஊருகிட்டங்க?" என்று கேட்டாள் வளர்மதி.

போனைக் காதில் வைத்தபடியே, ஊர்ப் பலகை எங்காவது தெரிகிறதா என்று வந்த வழியே நடக்க ஆரம்பித்தான்.